குழி, வீழ்ச்சி, பலகை

1

"அண்ணி, பிட்ஃபால்னா என்ன?"

"எங்க கேட்ட?"

"ஆபீஸ்ல. ட்ரெயினிங் குடுக்குற பொண்ணு வாயத் தொறந்தா அதான் வருது. கோவமா இருக்கிற கஸ்டமர்கிட்ட பேசுறதுல இந்த பிட்ஃபால், அழறவங்ககிட்ட பேசுறதுல அந்த பிட்ஃபால். எல்லாரும் தலையாட்டுறாங்க. நானும் நல்லா ஆட்டிட்டு வந்துட்டேன்."

"மறைஞ்சிருக்கிற ஆபத்துன்னு வெச்சுக்கயேன். வெளிய தெரியாது. மாட்டினப்புறம்தான் தெரியும்."

"அதுக்கு ஏன் அப்படிப் பேரு? பிட்னா குழி. ஃபால்னா விழறது. அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் வரும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பழைய வார்த்தை. இப்ப யாரும் குழிய நெனச்சு அதச் சொல்றதில்ல."

"நான் நெனச்சேனே," என்றாள் சின்னவள்.

இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. கட்டில் நிறையக் காய்ந்த துணி. என் கையில் ஒரு தலையணை உறை. அதை நாலாக மடித்தேன், எட்டாக மடித்தேன், அதற்குமேல் மடிக்க இடமில்லாமல் போனது. அவள் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். சின்னவள் என் கணவரின் ஒரே தங்கை. அவள் கணவர் குழாய் வேலை செய்பவர். கட்டிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், குழாய்கள் இறங்குவதற்காகத் தளத்தில் விட்டிருந்த திறப்பு வழியாக விழுந்து இறந்துபோனார். அந்தக் கட்டடத்தின் சூப்பர்வைசர் என் கணவர். அதற்குப் பிறகு சின்னவள் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். இப்போது தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கும் ஒரு நிறுவனத்தில், போனில் புகார் கேட்கும் வேலை.

அப்படிப்பட்டவளிடம்தான் குழியை யாரும் நினைப்பதில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

2

நான் குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள். என் கதைகளில் கோபித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வருவார்கள். திரும்ப முடியாதவர்களை நான் கதையில் சேர்ப்பதில்லை. அதனால் முதலில் எனக்குத் தெரிந்த வழியிலேயே தொடங்கினேன்.

தொடக்கம் ஒன்று: மழை வரும்போல் இருந்த அந்த மாலையில், அலுவலக வாசலில் குடையில்லாமல் நின்றவளை அவன் முதன்முறையாக

[இங்கே நிறுத்திவிட்டேன். அப்படி ஒரு அவன் கிடையாது. சின்னவளிடம் குடை இருக்கிறது.]

தொடக்கம் இரண்டு: துக்கத்துக்குப் பிறகும் வாழ்க்கை உண்டு என்பதை அவளுக்கு உணர்த்தியது அந்தப் புதிய வேலைதான். அங்கே அவள் தினமும்

[தினமும் திட்டு வாங்குகிறாள். ஃபில்டர் மாற்ற ஆள் வரவில்லை என்று யாரோ முகம் தெரியாதவர்கள் கத்துகிறார்கள். அதில் என்ன உணர்வது?]

தொடக்கம் மூன்று நீங்கள் மேலே படித்தது. அதைப் பத்திரிகை ஆசிரியைக்கு அனுப்பினேன். அன்று மாலையே போன் வந்தது.

"என்னம்மா, குழியில ஆரம்பிச்சிருக்கீங்க?"

"விஷயம் அதுதான்."

"உங்க வாசகிங்க உங்ககிட்ட ஒரு கல்யாணம் எதிர்பார்ப்பாங்க. கல்யாணம் முடியலன்னா, ரெண்டு பேர் எதிரெதிரா உக்காந்து காபி குடிக்கிற சீனாவது வைங்க."

"எங்க வீட்ல எல்லாரும் டீதான்."

"பாத்தீங்களா, ஜோக்கெல்லாம் உங்களுக்கு நல்லா வருது. அப்புறம் எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

அவர் நல்லவர். என் கதைகளை நம்பிப் போட்டவர். ஆனால் அந்தத் தலையணை உறை என் கையை விட்டுப் போகவில்லை.

3

அகராதியைப் பார்த்தேன். கல்லூரியில் இலக்கியம் படித்தவளுக்கு அதுதான் முதலில் தோன்றும். குறை சொல்லாதீர்கள்.

பிட் என்றால் குழி. அந்தச் சொல்லின் வேரைத் தோண்டினால் கிணறு என்ற பொருள் உள்ள இன்னொரு பழைய மொழிச் சொல்லுக்குப் போகிறது. ஃபால் என்றால் விழுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் இந்தச் சொல்லில் வரும் ஃபால், பொறி என்று பொருள் தந்த ஒரு பழஞ்சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். உறுதியாகச் சொல்லவில்லை, 'இருக்கலாம்' என்கிறார்கள். எப்படியானாலும் முதலில் அது காட்டில் விலங்கைப் பிடிக்கத் தோண்டிய குழிதான். பிறகு மெல்ல மெல்ல மனிதர்களின் பேச்சுக்குள் வந்து, கண்ணுக்குத் தெரியாத எந்த ஆபத்துக்கும் பெயராகி, கடைசியில் குளிரூட்டிய அறையில் ஒரு பெண் காபியை உறிஞ்சிக்கொண்டே திரையில் காட்டும் சொல்லாகிவிட்டது.

நம்மிடமும் சொல் இருக்கிறது. படுகுழி. யானையைப் பிடிக்க வெட்டிய குழியையும் அப்படித்தான் சொன்னோம். நாமும் அதைக் காட்டிலிருந்து கிளப்பி, கடனிலும் காதலிலும் விழுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். நானே ஒரு தலைப்பில் பயன்படுத்தியிருக்கிறேன்.*

எனக்கு உறுத்தியது வேறொன்று. குழி மட்டும் இருந்தால் அது பொறி ஆகாது. திறந்து கிடக்கும் குழியை யானை பார்க்கும், ஒதுங்கிப் போகும். மேலே கிளைகளைப் பரப்பி, இலைகளைப் போட்டு, மண்ணைத் தூவி, நடந்து போகலாம் என்று நம்பவைத்த பிறகுதான் அது பொறி. கொன்றது அந்த இலைகள். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லிலும் இலை இல்லை, நம் சொல்லிலும் இல்லை. இரண்டு மொழிக்காரர்களும் குழியைச் சொன்னார்கள், விழுவதைச் சொன்னார்கள். மூடியதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

* அந்தக் கதையில் யாருமே விழவில்லை. கடைசி அத்தியாயத்தில் நாயகன் கையைப் பிடித்து நிறுத்திவிடுவான்.

4

இறந்தவரைப் பற்றி எழுதவேண்டும். இங்கேதான் என் கை தடுமாறுகிறது.

வேலையிடத்தில் அவருக்கு விசில் என்று பெயர். வாயில் எப்போதும் ஏதாவது ஒரு பாட்டு, எப்போதும் சுருதி விலகி. முதல் வரைவில் அவரை ஒரு தங்கக்கம்பி ஆக்கியிருந்தேன்: பொறுமைசாலி, குடும்பத்துக்காக உழைத்தவர், சிரித்த முகம். படித்துப் பார்த்தால் அது யாரோ. உண்மையில் விசில் சரியான வாயாடி. சொன்ன நேரத்துக்கு எங்கும் வரமாட்டார். கடைக்குப் போய் எதை வாங்கச் சொன்னோமோ அதை மட்டும் விட்டுவிட்டு வருவார். என் தொடர்கதையை வாரம் தவறாமல் படித்துவிட்டு வம்புக்கு வருவார்.

"அக்கா, உங்க கதையில இத்தனை வீடு வருது. ஒரு வீட்லயாவது பைப்பு ஒழுகுதா? எப்படிக்கா அவங்க மட்டும் எந்நேரமும் லவ் பண்ணிட்டே இருக்காங்க?"

"உங்கள மாதிரி ஆள் வந்து சரி பண்ணிட்டுப் போயிருப்பாரு."

"அப்ப அவன் பேர ஒரு வரி போட்டா என்னவாம்?"

[ஒரு வரி கேட்டார். இப்போது கதை முழுக்க அவர்தான். பெயர் மட்டும் இப்போதும் போடவில்லை.]

அன்று நடந்ததை எனக்குச் சொன்னவர் என் கணவர். அடக்கம் முடிந்து பல நாள் கழித்து, ஒரு பகல் பொழுதில், சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். நான் சேர்த்தது எதுவுமில்லை.

"மொத நாள் சாயங்காலம் அந்தத் தெறப்ப நான்தான் மூடினேன். கார்ப்பெண்டருங்க கெளம்பிட்டாங்க. ராத்திரி வாட்ச்மேன் யாராவது தவறி விழுந்துடுவாங்கன்னு, ஒரு ப்ளைவுட் பலகைய இழுத்துப் போட்டேன். ஆணி காலைல அடிச்சுக்கலாம், செவப்பு பெயிண்டும் காலைல அடிச்சுக்கலாம்னு விட்டுட்டேன். மறுநாள் நான் போய் ஆணி எடுக்கிறதுக்குள்ள இவன் வந்துட்டான். என்னிக்கும் லேட்டா வரவன், அன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டான். தரை ஈரம். ஏணிக்கு அடியில போட ஒரு பலகை வேணும். இது சும்மாதானே கெடக்குன்னு தூக்கியிருக்கான்."

தரையில் கிடக்கும் பெரிய பலகையைத் தூக்கும் விதம் ஒன்று உண்டாம். ஒரு ஓரத்தைப் பிடித்து நிமிர்த்தி, மார்புக்கு முன்னால் கதவு மாதிரி நிறுத்தி, அப்படியே முன்னால் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். கட்டட வேலையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பலகை கண்ணை மறைத்துவிடும். எந்தக் குழியை அது மூடியிருந்ததோ அந்தக் குழி அடுத்த அடியில் இருக்கும்.

"நான் அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தேன். பலகைக்குக் கீழ ரெண்டு கால் தெரிஞ்சுது. விசில் சத்தத்துலேர்ந்தே யாருன்னு தெரிஞ்சுபோச்சு. மாப்ளன்னு கூப்பிட வாயெடுத்தேன். கால் இல்ல. பலகை அப்படியே சாஞ்சு தரையில படுத்துடுச்சு. குழிய மறுபடி யாரோ மூடி வெச்ச மாதிரி."

சற்று நேரம் குழாயில் சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அத நான் தெறந்தே போட்டிருந்தா அவன் பாத்திருப்பான்."

5

ஆஸ்பத்திரி வராந்தாவில் கம்பெனி ஆள் ஒருவர், "திடீர்னு மயக்கம் வந்து விழுந்திருப்பாரு போல" என்றார். சின்னவள் என் கணவரைப் பார்த்தாள். அவர் ஆமென்று தலையை ஆட்டினார். அவ்வளவுதான். யாரும் உட்கார்ந்து பொய் புனையவில்லை. ஒரு இலை விழுந்தது, இன்னொரு இலை விழுந்தது. உறவினர்கள் வந்து மண்ணைத் தூவினார்கள்: மயங்கினவருக்கு வலியே தெரிஞ்சிருக்காதும்மா, தூங்குற மாதிரி போயிருப்பாரு.

எனக்கு உண்மை தெரிந்த பிறகும் அதைக் கலைக்கத் தோன்றவில்லை. தரை உறுதியாகத்தான் இருந்தது. அவள் அதன்மேல் நடமாடினாள், வேலைக்குப் போனாள், சில நாள் சிரிக்கவும் செய்தாள்.

அந்த ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்டதற்கு அடுத்த வாரம், அவள் அலுவலகம் கிளம்பும்போது, "ஒரு வாய் சாப்டுட்டுப் போயேன்" என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான். வழக்கமாக அவள் "நேரமாச்சு அண்ணி" என்பாள். அன்று செருப்பை மாட்டிக்கொண்டே நின்றாள்.

"நான் காலைல சாப்பிடறதில்ல அண்ணி. நீங்க கவனிக்கலயா?"

"கவனிச்சேன். உடம்பக் கொறைக்கப் பாக்குறியோன்னு நெனச்சேன்."

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அன்னிக்குக் காலைல ஒரு சண்டை. என்ன பெரிய சண்டை! மொத நாள் சாயங்காலம் சோப்பு வாங்கிட்டு வான்னா, சோப்பத் தவிர எல்லாத்தையும் வாங்கிட்டு வந்திருந்தாரு. சாப்பிட உக்காந்தவருக்கு முன்னாலேர்ந்து தட்ட எடுத்துட்டேன். சோப்பு மறந்த ஆளுக்குச் சோறு ஒரு கேடான்னு கேட்டேன். அவரு ரோஷமா எழுந்து, விசில் அடிச்சிட்டே சீக்கிரமா கெளம்பிட்டாரு." செருப்பின் வாரை இழுத்துச் சரிசெய்தாள். "வெறும் வயித்தோட அவ்வளவு மாடி ஏறினா மயக்கம் வராம என்ன வரும், சொல்லுங்க?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் போய்விட்டாள்.

[இந்தப் பகுதியை எத்தனையோ தடவை எழுதிப்பார்த்தேன். ஒரு வரைவில் நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அது நடக்கவில்லை. நான் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.]

அவளுக்கு வலிக்கக்கூடாதென்று விரித்த இலைகளின் வழியாக அவள் என்றைக்கோ விழுந்துவிட்டிருந்தாள். தினமும் காலையில், எங்கள் கண்முன்னால், எங்கள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலேயே விழுந்துகொண்டிருந்தாள். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

6

அன்று மாலையே கணவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கை உள்ளே ஒரு கை வெளியே என்று நின்றுவிட்டார்.

"தட்ட எடுத்துட்டேன்னு சொன்னாளா?"

"இத்தனை நாள் தன்மேல பழியப் போட்டுட்டுப் பட்டினி கெடக்குறா. நீங்க சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லிட்டு? அவன் மயங்கல, உன் அண்ணன் போட்ட பலகைன்னு சொல்லிட்டு? அப்புறம் அவ எங்க போவா? அம்மா இல்ல, அப்பா இல்ல. அண்ணன்னு ஒருத்தன் இருக்கான்னுதான் அவ நிக்கிறா. அந்த எடத்துலயும் ஓட்டை போடச் சொல்றியா?"

"அவ நிக்கல. அதத்தான் சொல்றேன்."

"நீ கதை எழுதுறவ. உனக்கு எல்லாம் கடைசியில சரியாப் போயிடும்."

இது என்னைக் குத்தச் சொன்னது. குத்தியது. ஆனால் சொல்லிவிட்டு அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், அவரும் அப்படி ஒரு கடைசி அத்தியாயத்தை யாராவது எழுதித் தரமாட்டார்களா என்று ஏங்குவது தெரிந்தது.

நானே அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். அவள் அறைக் கதவுவரை இரண்டொரு தடவை போனேன். ஆனால் அந்தத் திறப்பை மூடிய கை என்னுடையது இல்லை. அந்தப் பலகையை நான் தூக்கினால் அவளும் அவரும் இரண்டு பக்கமும் விழுவார்கள், நான் மட்டும் பத்திரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. இது நியாயமா, பயமா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

7

ஆகவே முடிவுகள்.

முடிவு அ: சின்னவளுக்கு அலுவலகத்தில் ஒருவர் அறிமுகமாகிறார். தினமும் டிபன் டப்பாவோடு வருகிறார். ஒரு நாள் காலையில், அவர் நீட்டிய கவளத்தை அவள்

[ஆசிரியைக்குப் பிடிக்கும். எனக்கும் கொஞ்சம் பிடிக்கிறது. ஆனால் இதுவும் ஒரு பலகைதான். இருபது வருடமாக நான் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் அதே வகை. நல்ல பாலீஷ், ஆணி கிடையாது.]

முடிவு ஆ: அண்ணன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்கிறார். அவள் அவர் தலையைத் தடவிக்கொடுத்து, "நீ வேணும்னா செஞ்ச?" என்கிறாள். இருவரும்

[இதை எழுதும்போது நான் அழுதேன். அதனாலேயே நம்பவில்லை.]

முடிவு இ: அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். யாரும் தடுக்கவில்லை.

[சாத்தியம். பெட்டிக்குள் என்னென்ன வைப்பாள் என்று எழுதத் தொடங்கியதும் பேனா நகரவில்லை.]

இப்படி மூன்றையும் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைக் கேட்காமல் கதை தானாக நடந்தது.

8

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் சிமெண்ட் மூடி விரிசல் விட்டிருந்தது. புது மூடி வரும்வரை என்று சொல்லி என் கணவர் ஒரு ப்ளைவுட் பலகையை அளவாக அறுத்து எடுத்துவந்தார். வெயில் சாய்ந்திருந்தது. சின்னவள் படியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் பலகையைப் போட்டார். சுற்றிலும் இருந்த மரச்சட்டத்தில் வைத்து ஆணி அடிக்கத் தொடங்கினார். ஒரு மூலைக்கு ஒன்று போதும். அவர் ஒவ்வொரு விரற்கடைக்கும் அடித்துக்கொண்டே போனார். பக்கத்தில் சிவப்புப் பெயிண்ட் டப்பா, குச்சியோடு.

"ஏன்ணா, தொட்டிய மூடுறியா, புதைக்கிறியா?" என்றாள் சின்னவள். "நாளைக்குத் தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்னா கடப்பாறதான் வேணும் போல."

"இருக்கட்டும் பாப்பா."

"சும்மா வெச்சாப் போதாதா? நாமதான இருக்கோம். இவ்வளவு ஆணி எதுக்கு?"

"அடிக்கலன்னா யாராவது சும்மா கெடக்கிற பலகைன்னு தூக்கிட்டு அப்படியே முன்னால..."

சுத்தியல் மேலேயே நின்றது.

துவட்டிக்கொண்டிருந்த கையும் நின்றது. சின்னவள் பலகையைப் பார்த்தாள். ஆணிகளைப் பார்த்தாள். சிவப்புப் பெயிண்டைப் பார்த்தாள். பிறகு அண்ணனுடைய முகத்தை. அவள் முகத்தில் அதிர்ச்சி என்று நான் எழுதிவிடலாம். என் தொழிலில் அது கைவந்த சொல். ஆனால் அங்கே இருந்தது வேறு. வெகுநேரமாக ஒரு கதவுக்கு வெளியே நின்றவள், உள்ளே ஆள் அரவம் கேட்டதும் நிமிர்வாளே, அப்படி இருந்தது.

ஆக, அவளுக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. அதனால்தான் அன்று என்னிடம் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தாள். குழி சரி, விழுவது சரி, நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறதே என்று அவளாகவே கேட்டுப்பார்த்திருக்கிறாள். ஒண்ணுமில்ல என்று சொல்லி நான் உறையை மடித்தேன்.

வாசகர்களே, இதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அவர் என்ன சொன்னார், சொன்னாரா, மறுநாள் காலையில் எங்கள் மேசையில் எத்தனை தட்டு இருந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் அதன்மேல் காலை வைத்து நிம்மதியாக அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். நீங்கள் கொஞ்ச நேரம் அந்த விளிம்பில் நில்லுங்கள். என்ன பதில் வரவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை நீங்களே சொல்லிப்பாருங்கள், அவர் தங்கை உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு.

அவள் எழுந்து வந்தாள். ஈரத்தலையோடு தொட்டிக்குப் பக்கத்தில், அண்ணனுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பாதி இறங்கிய ஆணியை ஒரு விரலால் தொட்டாள்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன்ணா. ஒவ்வொரு வாட்டியும் உன் மூஞ்சியப் பாத்துட்டு விட்டுடுவேன். இன்னிக்குக் கேக்குறேன். அவரு எப்படி விழுந்தாரு? எனக்குத் தாங்குமான்னு பாக்காத. ஒண்ணு விடாம சொல்லு. நீ சொல்லு."